பத்மோன்க் கையெழுத்திடாத தாள்

மங்கோலியத் தலைநகர் உலான்பாத்தரின் மத்தியத் தபால் நிலையத்துக்கு எதிரே, சாலையோரத்தில், ஸோரிக்கின் சிலை நிற்கிறது. 2018 பிப்ரவரியில் ஒரு மாலை, அலுவலகம் முடிந்து அந்த வழியாக நடந்துகொண்டிருந்தோம், நானும் என்னுடன் வேலை பார்த்த கணக்காளர் ஒருவரும். அவர் என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். அங்கே மூத்த பெண்களை ‘எக்ச்’ என்று அழைப்பார்கள், நம் ‘அக்கா’வேதான். முதல் வாரத்திலேயே அவர் எனக்கு எக்ச் ஆகிவிட்டார். நிலக்கரிப் புகை ஊரின் மேல் கம்பளியாகப் படிந்திருந்தது; விடும் மூச்சு மீசையிலேயே உறைந்தது. சிலையைப் பார்த்து, படித்துவைத்திருந்ததை ஒப்பிக்கும் மாணவனைப் போல, “இந்த நாட்டுக்கு ஜனநாயகம் வாங்கித் தந்தவர் இவர்தானே?” என்றேன். எக்ச் உடனே பதில் சொல்லவில்லை. பத்தடி தள்ளிப் போன பிறகு சொன்னார்: “இவர்தான். இன்னொருவரும் உண்டு. அவர் ஒரு தாளில் கையெழுத்துப் போடவில்லை.”

அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. யாரைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். ஜம்பின் பத்மோன்க்: மங்கோலியாவை ஒற்றைக் கட்சியாக ஆண்டுவந்த மக்கள் புரட்சிக் கட்சியின் பொதுச்செயலாளர், 1984 முதல் 1990 வரை நாட்டின் தலைவர். சர்வாதிகார அமைப்பின் உச்சியில் இருந்தவர் கடைசி நிமிடத்தில் கொலை செய்யாமல் விட்டார் என்பதற்காக, 1990இல் ஜனநாயகம் கேட்டுச் சதுக்கத்தில் பட்டினி கிடந்தவர்களின் பக்கத்தில் அவரையும் நிறுத்துவதா? சுடாமல் இருப்பது சாதாரண மனிதனின் குறைந்தபட்சக் கடமை. அதற்கு நன்றி சொல்ல ஆரம்பித்தால், சுடுவதற்கு அவனுக்கு உரிமை இருந்தது என்று ஒப்புக்கொள்வதாகிவிடும். இதை எக்சிடம் அப்போதே சொன்னேன், கொஞ்சம் சூடாகவே.

இந்தச் சூடு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். என் தந்தை கோவையில் பஞ்சாலைத் தொழிலாளி, சங்கத்துக்காரர். எங்கள் வீட்டுக்குச் ‘சோவியத் நாடு’ இதழ் வரும். அதன் வழவழப்பான தாள்களைக் கிழித்துத்தான் பள்ளிப் புத்தகங்களுக்கு அட்டை போட்டோம். “முதலாளி தானாகக் கொடுத்தது என்று உலகத்தில் எதுவும் கிடையாது. எல்லாம் கேட்டு வாங்கியது, விடாமல் நின்று வாங்கியது” என்பது அப்பாவின் வேதம். எட்டு மணி நேர வேலையும் போனஸும் அப்படித்தான் வந்தன என்பார். 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்தபோது வானொலிப் பெட்டியின் முன் அவர் உட்கார்ந்திருந்த விதம் எனக்கு மறக்கவில்லை; வீட்டில் யாரோ இறந்துவிட்டதைப் போல இருந்தது. நான் வளர்ந்த பிறகு, அவர் சொல்லிக் கொடுத்த அதே அளவுகோலை எடுத்து அவர் மதித்த ஆட்சிகளையே அளந்தேன். அங்கேயும் மக்கள் கேட்டு வாங்கினார்கள், விடாமல் நின்று வாங்கினார்கள். இந்தக் கணக்கில் பத்மோன்குக்கு இடமில்லை. பல ஆண்டுகளாக எனக்கு உறுதியாக இருந்த கருத்து அது.

முப்பது டிகிரிக் குளிரில்

மங்கோலியாவின் கதை நம்மிடம் அதிகம் பேசப்படுவதில்லை. பெர்லின் சுவர் இடிந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தோம், ருமேனியாவில் சர்வாதிகாரி செசெஸ்கு சுடப்பட்டதைப் படித்தோம். ஆனால் உலகத்தின் இரண்டாவது கம்யூனிஸ்ட் நாடு மங்கோலியா. 1924இலேயே மக்கள் குடியரசாகிவிட்டது. சோவியத்தின் நிழலில் அறுபத்தைந்து ஆண்டுகள். அங்கே 1989 டிசம்பர் 10 அன்று, மனித உரிமை நாளில், இளைஞர் பண்பாட்டு மாளிகையின் முன் சுமார் 200 பேர் கூடி மங்கோலிய ஜனநாயக ஒன்றியம் என்ற அமைப்பை அறிவித்தார்கள். இருநூறே பேர். ஒரு திருமண வீட்டுக் கூட்டம்கூட இல்லை. அவர்களில் ஒருவர் சஞ்சாசூரென்கீன் ஸோரிக், பல்கலைக்கழக ஆசிரியர், வயது இருபத்தேழு. ஸோரிக் என்றால் மங்கோலிய மொழியில் துணிவு. அவருடைய தாய்வழித் தாத்தா ரஷ்யப் புவியியலாளர். மங்கோலியாவின் நிலப்பரப்பை ஆராய வந்தவர், 1939இல் கைதாகி சோவியத் சிறைமுகாமில் இறந்தவர். அந்த வீட்டுக் குழந்தைக்குத் துணிவு என்று பெயர் வைத்திருந்தார்கள்.

ஜனவரியில் கூட்டம் ஆயிரமாகிப் பின் பல ஆயிரமாகியது. மைனஸ் முப்பது டிகிரிக் குளிரில் கூட்டம் நடத்துவது என்றால் என்ன என்பது அந்தக் குளிரில் நின்றால்தான் புரியும். கால் மணி நேரத்தில் காலணிக்குள் விரல்கள் இருப்பதே மறந்துபோகும். பிப்ரவரியில் தேசிய நூலகத்தின் முன்னிருந்த ஸ்டாலின் சிலையை அரசே அகற்றியது. மார்ச் 4 அன்று தலைநகரில் கூடியவர்கள் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் என்கிறார்கள். நாட்டின் மொத்த மக்கள்தொகையே அப்போது இருபது லட்சத்துக்குச் சற்றுமேல். மார்ச் 7 அன்று பத்துப் பேர் சுக்பாத்தர் சதுக்கத்தில், அரசு மாளிகைக்கு எதிரே, உண்ணாவிரதம் தொடங்கினார்கள். கட்சியின் உச்சக் குழுவான பொலிட்பீரோ முழுவதும் பதவி விலக வேண்டும் என்பது கோரிக்கை. அந்த ஜனவரியில்தான் இந்தியத் தூதராக உலான்பாத்தர் வந்து இறங்கியிருந்தார் லடாக்கின் புத்தத் துறவி குஷோக் பகுலா ரின்போச்சே. இளைஞர்களிடம் அவர் வன்முறை வேண்டாம் என்று சொன்னதை மங்கோலியர்கள் இன்றும் நினைவுகூர்கிறார்கள். அங்கே இந்தியன் என்று சொல்லிக்கொண்டபோதெல்லாம் எனக்குக் கிடைத்த மரியாதையில் பாதி அவருடையது.

ஸோரிக்கின் புகழ்பெற்ற புகைப்படம் ஒன்று உண்டு. ஒருவர் தோள்மேல் ஏறி உட்கார்ந்து, கையில் ஒலிபெருக்கியுடன், கொதித்துக்கொண்டிருந்த கூட்டத்தை அமைதியாக இருக்கச் சொல்கிறார். நான் அந்தப் படத்தைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கூட்டத்தைத் தூண்டும் தலைவர்களின் படங்கள் உலகம் முழுவதும் கிடைக்கும். கூட்டத்தை அடக்குவதற்காகத் தோளில் ஏறியவரின் படம் அபூர்வம். முந்தைய ஜூனில்தான் தெற்கே பெய்ஜிங்கில் பீரங்கி வண்டிகள் இறங்கியிருந்தன. ஒரு கல் பறந்தால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

கொஞ்சம் பேர்

சிலையடியில் நாங்கள் பேசிய சில நாட்களில் ‘சகான் சார்’ வந்தது. வெள்ளை மாதம் என்று பொருள்; அவர்களுடைய புத்தாண்டு. எக்ச் என்னைத் தன் தந்தையின் வீட்டுக்கு அழைத்துச் சென்றார். மேசையில் நீள நீளமான அடைகள் ஒற்றைப்படை அடுக்குகளாக ஏறியிருந்தன. உப்புப் போட்ட பால் தேநீர், ஆவியில் வெந்த இறைச்சிக் கொழுக்கட்டைகள். அன்று பெரியவர்களை வணங்கும் முறை அழகானது. இளையவர் தன் இரு கைகளையும் நீட்டி, மூத்தவரின் முழங்கைகளைக் கீழிருந்து தாங்க வேண்டும். உங்களைத் தாங்க நான் இருக்கிறேன் என்பது அதன் பொருள். எக்சின் அண்ணன் தந்தையின் கைகளை அப்படித் தாங்கிக்கொண்டு நின்றதை நான் கவனித்தேன். பெரியவருக்கு எண்பது வயதுக்குமேல். வந்தவர்களை எல்லாம் வணங்கி முடித்த பிறகு, எக்ச் தந்தையிடம் ஏதோ சொன்னார். ‘இந்தியத் தம்பி உங்கள் தலைவரைத் திட்டினான்’ என்று சொல்லியிருப்பார் போலும். பெரியவர் சிரித்துவிட்டுப் பேச ஆரம்பித்தார். எக்ச் மொழிபெயர்த்தார்.

1990இல் அவர் ராணுவத்தில் லாரி ஓட்டுநர். மார்ச் மாதத்தின் அந்த நாட்களில் ஓர் இரவு, வண்டிகளை வரிசையில் நிறுத்தி எஞ்சினை அணைக்காமல் வைத்திருக்கச் சொன்னார்கள். அந்தக் குளிரில் எஞ்சினை அணைத்தால் அவசரத்துக்குக் கிளம்பாது. எங்கே போக வேண்டும், யாரை ஏற்ற வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. கேட்கும் வழக்கமும் இல்லை. ஓட்டுநர் இருக்கையிலேயே விடியும்வரை உட்கார்ந்திருந்தார். அவருடைய மகன், இப்போது அவர் கையைத் தாங்கிய அதே மகன், அப்போது பல்கலைக்கழக மாணவன். மூன்று நாட்களாக வீட்டுக்கு வரவில்லை. சதுக்கத்தில் இருக்கிறான் என்று அவருக்குத் தெரியும். எஞ்சின் ஓடுவது எதற்கு என்பதையும் ஊகித்துவிட்டார். “எனக்கு ஓட்டத்தான் தெரியும். ஓட்டச் சொன்னால் ஓட்டியிருப்பேன். ஓட்டியிருக்க மாட்டேன் என்று இன்றைக்குச் சொல்வது எளிது” என்றார். விடிந்த பிறகு எஞ்சினை நிறுத்தச் சொன்னார்கள். அதற்கும் காரணம் சொல்லவில்லை. வருடங்கள் கழித்துத்தான் அந்தத் தாளைப் பற்றிக் கேள்விப்பட்டாராம்.

தாளின் கதை பத்மோன்கின் மனைவி பின்னாளில் ஒரு நேர்காணலில் சொன்னது. கூட்டத்தைப் படைபலத்தால் கலைப்பதற்கான ஆணை தயாராகி, அவர் கையெழுத்துக்காகக் கொண்டுவரப்பட்டது. அவர் மறுத்துவிட்டார். நாம் கொஞ்சம் பேர் மங்கோலியர்கள், ஒருவர் மூக்கிலிருந்து ஒருவர் ரத்தம் வரவைக்கும் நிலைக்கு இன்னும் வந்துவிடவில்லை, இதில் நான் ஒருபோதும் கையெழுத்திட மாட்டேன் என்று சொல்லிவிட்டு அறையை விட்டுப் போய்விட்டார். மார்ச் 9 அன்று பொலிட்பீரோ முழுவதும் பதவி விலகும் என்று அறிவித்தார். பட்டினி கிடந்தவர்கள் உண்ணாவிரதத்தை முடித்துக்கொண்டார்கள். மூன்று மாதங்களில், ஒரு ஜன்னல் கண்ணாடிகூட உடையாமல், அறுபத்தைந்து ஆண்டு ஆட்சி இறங்கியது.

அந்த வாக்கியத்தில் ஒரு சொல் என்னை விடவே இல்லை: ‘ஹெதென்’. சில, கொஞ்சம் என்று பொருள். “ஹெதென் என்று சொன்னார் பார், அதுதான் முக்கியம்” என்றார் எக்ச். கொள்கையைச் சொல்லி அவர் மறுக்கவில்லை. மனித உரிமை பற்றிப் பேசவில்லை. நாம் கொஞ்சம் பேர்தான் இருக்கிறோம் என்றார். இருபது லட்சம் பேர் உள்ள நாட்டில், லாரியில் இருப்பவனும் சதுக்கத்தில் இருப்பவனும் ஒரே வீட்டிலிருந்து வந்திருப்பார்கள். எனக்கு எதிரே, கொழுக்கட்டைத் தட்டுக்கு இரு பக்கத்திலும், அந்த இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். என்னுடைய அளவுகோலால் எவ்வளவு முயன்றும் அந்த மேசையை அளக்க முடியவில்லை. கேட்டு வாங்கியவன் மகன் என்றால், தந்தை யார்? கொடுக்க மறுத்தவனா? அவர் ஓட்டுநர். அவரைக் கொலைகாரராக ஆக்கியிருக்கக்கூடிய ஒரு கையெழுத்து நடக்கவில்லை. பத்மோன்க் காப்பாற்றியது சதுக்கத்தில் இருந்தவர்களின் உயிரை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். லாரிக்குள் உட்கார்ந்திருந்தவருக்கும் அவர் ஏதோ ஒன்றைக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறார். முழங்கையைத் தாங்க ஒரு மகன் வரும் முதுமை.

இதை அந்தக் கட்சியின் வரலாற்றோடு சேர்த்துப் பார்த்தபோது எனக்கு இன்னும் கனமாகத் தெரிந்தது. மங்கோலியாவின் மக்கள்தொகை எட்டு லட்சம்கூட இல்லாத 1930களில், அதன் தலைவர்களில் ஒருவரான சொய்பல்சான் தலைமையிலான சிறப்பு ஆணையம் 1937க்கும் 1939க்கும் இடையில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு மரண தண்டனை விதித்தது. பெரும்பாலோர் பிக்குகள். நூற்றுக்கணக்கான மடாலயங்கள் தரைமட்டமாயின. இவ்வளவும் பட்டியல்களால் நடந்தது. பெயர்கள் எழுதிய தாள்கள், கீழே கையெழுத்துகள். கொஞ்சம் பேர்தானே இருக்கிறோம் என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை, அல்லது தோன்றியவர்களின் பெயரும் பட்டியலில் ஏறியது. கையெழுத்தால் கட்டிய ஆட்சியின் கடைசித் தலைவர், பொருளாதாரப் பேராசிரியராக இருந்து அரசியலுக்கு வந்தவர், பேனாவை எடுக்க மறுத்த அந்தச் சில நிமிடங்களில் தன் கட்சி அதுவரை எழுதிவந்த எல்லாவற்றுக்கும் எதிர்ப்புறம் நின்றார். கடமையைத்தான் செய்தார் என்று நான் சொன்னது உண்மைதான். ஆனால் அதே கடமையை அவருக்கு முன்னால் அதே நாற்காலியில் இருந்தவர்கள் செய்யவில்லை. 1989இன் மற்ற இரண்டு ஊர்களில், பெய்ஜிங்கிலும் ருமேனியாவின் திமிஷ்வாராவிலும், செய்யப்படவில்லை.

விலை

ரத்தமின்றி வந்த மாற்றத்துக்கும் விலை இருந்தது. அதைச் சொல்லாமல் பத்மோன்கைப் பாராட்டினால் நேர்மையாக இருக்காது. இறக்கி விடப்படாமல் தானாக இறங்கிய கட்சி, இறங்கிய வேகத்திலேயே மறுபடி ஏறியது. 1990 ஜூலையில் நடந்த முதல் பல கட்சித் தேர்தலில் அதே மக்கள் புரட்சிக் கட்சிதான் பெரும்பான்மை பெற்றது. 1992இல் புதிய அரசியலமைப்பு வந்தது, மக்கள் குடியரசு என்ற பெயர் போனது. ஆனால் அந்த ஆண்டுத் தேர்தலில் பாதிக்குச் சற்றுமேலான வாக்குகளைக் கொண்டே 76 இடங்களில் ஐந்தாறு தவிர மற்ற எல்லாவற்றையும் பழைய கட்சி அள்ளிக்கொண்டது. கிராமப்புற மேய்ப்பர்களிடம் அதன் கிளைகள் இருந்தன, ஆட்கள் இருந்தார்கள். சதுக்கத்து இளைஞர்களிடம் ஒலிபெருக்கிதான் இருந்தது. எதிர்க்கட்சிகள் ஒன்றுகூடி 50 இடங்களை வென்று ஆட்சிக்கு வர 1996 ஆகிவிட்டது.

இதற்கிடையில் வயிறு காய்ந்தது. 1991இல் சோவியத் உதவி நின்றபோது நாட்டின் பொருளாதாரமே அறுந்தது. தலைநகரில் மாவுக்கும் இறைச்சிக்கும் ரேஷன் அட்டை. மந்தைகளும் ஆலைகளும் தனியார்மயமாயின. ஒவ்வொரு குடிமகனுக்கும் பங்குச் சீட்டுகள் கொடுத்தார்கள், நீல நிறத்தில் ஒன்று, இளஞ்சிவப்பில் மூன்று. பெரிய நிறுவனங்களுக்கு நீலம், கால்நடைக்கும் சிறு கடைகளுக்கும் இளஞ்சிவப்பு. தன் நீலச் சீட்டை எக்ச் இரண்டு மூட்டை மாவுக்குக் கொடுத்துவிட்டாராம். யார் வாங்கிச் சேர்த்தார்கள் என்பது அப்போது யாருக்கும் பெரிதாகப் படவில்லை. வீடற்ற சிறுவர்கள் வெந்நீர்க் குழாய்கள் ஓடும் பாதாளச் சாக்கடைக் குழிகளுக்குள் குளிர்காலத்தைக் கழித்தது அந்தப் பத்தாண்டில்தான். பழைய உலகத்தின் கதவைத் திறந்தவர்களுக்கு இதைப் பற்றி ஒரு திட்டமும் இருக்கவில்லை என்பது என் எண்ணம். இருந்திருக்க முடியுமா என்றும் தெரியவில்லை. அவர்களுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை.

ஸோரிக் 1998 அக்டோபர் 2 அன்று தன் அடுக்குமாடி வீட்டில் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். அடுத்த பிரதமராக அவர் பெயர் அடிபட்டுக்கொண்டிருந்த நேரம். வயது முப்பத்தாறு. நாட்டையே ரத்தம் சிந்தாமல் திருப்பியவரின் ரத்தம் அவருடைய வீட்டு வாசலிலேயே சிந்தியது. ஏவியவர் யார் என்பது இன்றும் துலங்கவில்லை. 2016இல் மூடிய கதவுகளுக்குள் விசாரணை நடத்தி மூவரைத் தண்டித்தார்கள். அவர்களைச் சித்திரவதை செய்து வாக்குமூலம் வாங்கிய காணொளி பிறகு வெளியானதும் அந்தத் தீர்ப்பும் கரைந்துபோனது. இதை எழுதும்போது எனக்குக் கை நிற்கவில்லை. இருபது லட்சம் பேர் உள்ள நாட்டில், கொஞ்சம் பேர்தான் என்று ஒருவர் சொன்ன நாட்டில், இப்படி ஒரு கொலையை யாருக்கும் தெரியாமல் மறைத்துவைக்க முடிந்திருக்கிறது. ஆணையில் கையெழுத்திட்டுச் செய்வது நின்றுவிட்டது. கையெழுத்தில்லாமல் செய்வது நிற்கவில்லை.

இவ்வளவையும் எக்சிடம் ஒருநாள் அடுக்கினேன், இதுதானா உங்கள் ரத்தமில்லாத மாற்றம் என்று. அவர் கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். “1993ஐ மறந்துவிட்டாய் தம்பி” என்றார். நாட்டின் முதல் நேரடிக் குடியரசுத் தலைவர் தேர்தல் அந்த ஆண்டு. பதவியில் இருந்த ஒச்சிர்பத் பழைய கட்சிக்காரர். கட்சி அவருக்கு மறுபடி இடம் தரவில்லை. எதிர்க்கட்சிகள் அவரைத் தங்கள் வேட்பாளராக நிறுத்தின. அவர் வென்றார். 2000இல் பழைய கட்சி 76இல் 72 இடங்களைப் பிடித்தபோது, ஆட்சியில் இருந்தவர்கள் எழுந்து போனார்கள். 2008 ஜூலை 1 அன்றுதான் கணக்குத் தவறியது: தேர்தல் முடிவை எதிர்த்த கலவரத்தில் கட்சித் தலைமையகம் எரிந்தது, ஐந்து பேர் இறந்தார்கள், நான்கு நாட்கள் நெருக்கடி நிலை. “அன்றைக்கு நாங்கள் எல்லோரும் பத்மோன்கைத்தான் நினைத்துக்கொண்டோம்” என்றார் எக்ச். பத்மோன்க் 1997இலேயே இறந்திருந்தார்.

இப்போதும் என் அப்பாவின் வாக்கியத்தை நான் விட்டுவிடவில்லை. சதுக்கத்தில் அந்தப் பத்துப் பேர் பட்டினி கிடந்திராவிட்டால் கையெழுத்துக்கென்று ஒரு தாளே வந்திருக்காது. கேட்டார்கள், நின்றார்கள், வாங்கினார்கள். ஆனால் வாங்கும் அந்த நொடியில் எதிர்ப்பக்கத்திலும் ஒரு மனிதன் இருக்க வேண்டியிருக்கிறது என்பதை அந்தப் புத்தாண்டு மேசையிலிருந்து எழுந்த பிறகு என்னால் மறுக்க முடியவில்லை. அப்பா உயிரோடு இருந்திருந்தால் இதை அவரிடம் சொல்லியிருப்பேன். ஒப்புக்கொண்டிருக்க மாட்டார். ஆலை வாசலில் நின்றவர் அவர். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்த வண்டிக்குள் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று பார்க்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவில்லை.

ஊருக்குத் திரும்புவதற்கு முந்தைய நாள் எக்சிடம், உங்கள் வீட்டில் யார் யாருக்கு வாக்களிப்பீர்கள் என்று கேட்டேன். அதற்கு முந்தைய ஆண்டுதான் குடியரசுத் தலைவர் தேர்தல் நடந்திருந்தது. தந்தை எப்போதும்போலப் பழைய கட்சிக்கு. அண்ணன் ஜனநாயகக் கட்சி வேட்பாளருக்கு, முணுமுணுத்துக்கொண்டே. எக்ச் இரண்டாம் சுற்றில் வெற்றுச் சீட்டைப் போட்டாராம். இருவருமே வேண்டாம் என்று அப்படி வெற்றுச் சீட்டுப் போட்டவர்கள் அந்தச் சுற்றில் எட்டு சதவீதத்துக்கும் மேல். வாக்குச்சாவடி அவர்கள் தெருமுனைப் பள்ளிக்கூடத்தில். தந்தைக்கு நடக்க முடியாது. மூவரும் அண்ணனின் காரில்தான் போனார்கள். போகும் வழியெல்லாம் சண்டை. பள்ளிக்கூடம் வந்ததும் அண்ணன் இறங்கி, கதவைத் திறந்து, தந்தையின் முழங்கையைப் பிடித்துப் படியேற்றிவிட்டார்.